நைட் முடித்து வரும் காதுகளுக்கு

நிட்டிங்கிலும் தறியிலும் பவர் டேபிளிலும் ராத்திரி முழுக்க வேலை பார்த்துவிட்டு, ஊர் எழுந்த பிறகு படுக்கப் போகும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும்தான் இந்தக் கடிதமுங்க.

நானும் உங்க ஆள்தான். 26 வருஷம் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ராயபுரம், மங்கலம் ரோடு, பெருமாநல்லூர் என்று கம்பெனி மாறினாலும் சத்தம் மாறியதில்லை. இப்போது வேலையை விட்டுவிட்டேன். காலையில் டீக்கடையில் உங்களைப் பார்க்கிறேன். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். பக்கத்தில் நிற்கும் ஆளிடம் எட்டூருக்குக் கேட்கிற மாதிரி பேசுவீர்கள். அது சத்தம் என்றே உங்களுக்குத் தெரியாது. எனக்கும் அந்த வயதில் தெரியவில்லை. அந்த நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியில் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம் போய்க்கொண்டிருக்கும். ஊரை எழுப்புகிற அந்தக் குரல் கேட்கிறபோதுதான் நீங்கள் பாயை விரிக்கப் போகிறீர்கள்.

போன மாதம் எங்கள் லைன் வீட்டில் கடைசி அறைத் தம்பி ஒருவன் வந்து கேட்டான். "மாமா, படுத்தாத் தூக்கமே வர்றதில்லீங்க. கண்ணை மூடுனா மெஷின் ஓடுது. நீங்க கேக்கற மாதிரி நல்ல பாட்டா நாலு சொல்லுங்க." நாலு பெயர் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் தலைவலியோடு வந்து நின்றான். அந்தப் பெயர்களைப் போனில் தேடி, முதலில் வந்ததைப் போட்டிருக்கிறான். வேகமான கச்சேரிப் பதிவு, நடுவில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம், அதற்கும் நடுவில் நகைக்கடை விளம்பரம். தப்பு என்னுடையது. பாட்டின் பெயரைச் சொன்னேனே தவிர, எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இப்போது உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பதிவைப் பொறுக்கத் தெரியும். எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பல நாடுகளில் வைத்திருக்கும் எல்லை. நம் நாட்டுத் தொழிற்சாலை விதி 90 வரை விடுகிறது. 3 டெசிபல் கூடினால் ஒலியின் வலு இரண்டு மடங்காகிவிடும், காது தாங்கும் நேரம் பாதியாகிவிடும். 85-க்கு 8 மணி நேரம் என்றால் 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி. நாடா ஓடுகிற விசைத்தறிக் கூடம் 90-ஐத் தாண்டித்தான் இருக்கும். பல்லடம், சோமனூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நாம் பார்ப்பதோ ஒன்றரை ஷிப்ட், 12 மணி நேரம்.

இந்தச் சத்தம் காதை ஒரே நாளில் அடைத்துவிடாது. மேல் ஸ்தாயியைத்தான் முதலில் தின்னும். எனக்குக் காது சோதித்த டாக்டர் ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்தார். கோடு ஓரளவு மட்டமாக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்து, அப்புறம் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. இடது காதில் பள்ளம் ஆழம். சத்தத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கேதான் முதல் அடி விழும் என்றார். அந்தக் காதில் இப்போதும் ராத்திரியானால் சில்வண்டு கத்துகிறது. பேத்தி பேசினால் குரல் கேட்கிறது, சொல் புரிவதில்லை. இன்னொரு தொந்தரவும் உண்டு. அடிபட்ட காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது. எட்டட்டும் என்று கொஞ்சம் கூட்டினால் உடனே குத்தும். கேட்காததற்கும் குத்துவதற்கும் நடுவில் இருக்கிற இடம் சுருங்கிப் போய்விடுகிறது.

அந்தச் சுருங்கிய இடத்துக்குள் அடங்குகிற இசைதான் நமக்கு வேண்டும். தாழ்ந்த சுருதி, ஒன்றிரண்டு கருவி, அவசரமில்லாத நடை, திடீரென்று எகிறாத ஒலி. இளைப்பாற ஏற்றது என்று மற்றவர்கள் சொல்கிற பதிவுகளில் பாதி நமக்கு ஒத்து வராததற்குக் காரணம் இதுதான். அவர்கள் காது வேறு, நம் காது வேறு.

எனக்கு இது டாக்டரைப் பார்ப்பதற்கு ரொம்ப முன்னாலேயே ஒரு கேசட் மூலம் தெரிய வந்தது. தொழில் கற்றுக்கொடுத்த ஃபிட்டர் அண்ணன் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். அவர் டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு நடுவே, பனியன் வேஸ்டில் சுற்றி ஒரு கேசட் வைத்திருப்பார். எம்.டி.ராமநாதன் பாடியது. ஷிப்ட் மாறும்போது மெஷினை நிறுத்தித் துடைக்கிற பத்து நிமிஷத்தில் அதைப் போடுவார். முதல் தடவை கேட்டபோது, டேப்பில் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து மூடியைத் திறந்து பார்த்தேன். அண்ணன் என் கையைத் தட்டிவிட்டு, "கேளுடா" என்றார். அவ்வளவு மெதுவான பாட்டு, அவ்வளவு கீழிருந்து வரும் குரல். ஒரு ஸ்வரத்தைத் தொட்டால் திண்ணையில் உட்கார்கிற மாதிரி அதில் உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் ஓட்டமாகப் பாடுகிற தியாகராஜரின் 'சாமஜவரகமனா' அவரிடம் நடந்துதான் வரும். நான் ஆயில் கையோடு அப்படியே நின்றேன். கூடத்தின் சத்தம் காதுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலேயே அந்தக் குரல் வந்து படிந்தது, கொஞ்ச நேரத்தில் சத்தம் போன இடம் தெரியவில்லை.

அவர் 1923-ல் பாலக்காட்டு மஞ்ஞப்பிராவில் பிறந்தவர். டைகர் வரதாச்சாரியாரின் சீடர். 1984-ல் மறைந்தார். ஆடி மாதம் கணவாய் வழியாக நம் பக்கம் வந்து பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று வரும் திசையிலிருந்துதான் அவரும் வந்தார். சபாவில் உட்காருகிறவர்களில் சிலருக்கு அவருடைய நிதானம் பிடிக்காது. நமக்கு ஒருவரை மட்டும் சொல் என்றால் நான் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

அடுத்து வீணை. இயல்பாகவே சின்னக் குரல் கொண்ட வாத்தியம். தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, அதை இழுத்தே நாலைந்து ஸ்வரம் கொண்டுவரலாம். ஒலி ஏறாமல் வளைந்து மட்டும் போகும். எஸ்.பாலசந்தரின் ராக ஆலாபனைகளைத் தேடுங்கள். 1954-ல் ஒரு பாட்டுக்கூட இல்லாமல் 'அந்த நாள்' படத்தை இயக்கினாரே, அதே பாலசந்தர்தான். படத்தில் பாட்டே வேண்டாம் என்றவர், வீணையை எடுத்தால் ஒரு ராகத்தை நிறுத்தி நிதானமாகப் பாடவைப்பார். சிட்டிபாபுவின் வீணை இன்னும் இனிப்பு. 1964-ல் வந்த 'கலைக்கோயில்' படத்தில் கேட்பது அவர் வாசிப்புதான். குயில் மாதிரியே வீணையைக் கூவவிடுவார். அதைப் பகலில் கேளுங்கள், படுக்கும்போது வேண்டாம். வீணைப் பதிவில் ஒன்று கவனிக்க வேண்டும். தந்திக்குப் பக்கத்தில் மைக் ஒட்டி வாசித்த சில மேடைப் பதிவுகளில் கம்பி இரும்பாக ஒலிக்கும். பழைய வானொலிப் பதிவோ ஸ்டுடியோப் பதிவோ கிடைத்தால் அதை எடுங்கள்.

புல்லாங்குழல் என்றாலே அமைதி என்று எல்லோரும் சொல்வார்கள். நம் காதுக்கு அது பாதிதான் உண்மை. சின்னக் குழலின் மேல் ஸ்தாயி நேராக அந்தப் பள்ளத்துப் பக்கம் போய் விழும். கொஞ்சம் கேட்கும், கொஞ்சம் குத்தும். மாலியின் சீடர் என்.ரமணி கர்நாடக இசைக்கு நீளக் குழலைக் கொண்டுவந்தவர். அவர் அதில் கீழ் ஸ்தாயியில் வாசிக்கிற ஆலாபனையைக் கேட்டுப் பாருங்கள். குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்த மாதிரி இருக்கும்.

மாண்டலின் சீனிவாஸ் மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வேகம் தூங்குகிறவனை எழுப்பி உட்கார வைத்துவிடும். காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரமும் அப்படித்தான். கோயில் வெளிப் பிராகாரத்துக்கும் வீதிக்கும் என்று பிறந்த வாத்தியத்தை இரண்டு காதுக்குள் அடைக்கக் கூடாது. இவற்றை ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். மதுரை மணி ஐயரையும் ஞாயிற்றுக்குத்தான் சொல்வேன். கறி வெந்துகொண்டிருக்க, வாசலில் உட்கார்ந்து அவர் பாடும் 'எப்போ வருவாரோ' கேட்டால் அந்த வாரத்தின் களைப்பு இறங்குகிறது. சங்கீதம் தெரியாதவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களுக்கு அவர்தான் சரியான வாசல்.

வயதானவர்கள் வீட்டில் இருந்தால் தருமபுரம் சுவாமிநாதனின் தேவாரப் பதிவுகளைப் போடுங்கள். கனத்த, கீழ்க்குரல், நம் காதுக்கு ஏற்றது. அவிநாசிக்கும் திருமுருகன்பூண்டிக்கும் சுந்தரர் பாடிய பதிகங்கள் இருக்கின்றன. நீங்கள் பஸ்ஸில் கடக்கிற கோயில்களின் பாட்டு அது.

இப்போது ராகம் பற்றி. நீலாம்பரி கேட்டால் தூக்கம் வரும், குறிஞ்சி தாலாட்டு ராகம் என்றெல்லாம் சொல்வார்கள். அது சும்மா வந்த பேச்சு இல்லை. 1813-ல் பிறந்த திருவிதாங்கூர் இளவரசர் சுவாதித் திருநாளுக்காக இரயிம்மன் தம்பி எழுதிய 'ஓமனத்திங்கள் கிடாவோ' என்ற மலையாளத் தாலாட்டை முதலில் குறிஞ்சியில்தான் பாடினார்கள். ஆனால் ராகத்தின் பெயரை மட்டும் நம்பிப் போய்விடாதீர்கள். அதே நீலாம்பரியை ஒருவர் மிருதங்கம், கடம், பின்னால் கீபோர்டு என்று சேர்த்துப் பாடியிருப்பார்; இன்னொருவர் தம்புராவோடு மட்டும் பாடியிருப்பார். பெயர் ஒன்று, வேலை வேறு. மேற்கத்திய இசையில் இதற்கு அருமையான சாட்சி இருக்கிறது. பாக் எழுதி 1741-ல் வெளிவந்த கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை, தூக்கம் வராத ஒரு பிரபுவுக்காக எழுதினார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையா என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சந்தேகம். ஆனால் கனடாக்காரர் கிளென் கூல்ட் அதை 1955-ல் ஒருமுறை, 1981-ல் ஒருமுறை பியானோவில் பதிவுசெய்தார். முதலாவது சுமார் 38 நிமிஷம், இரண்டாவது 51. வாசித்த கை ஒன்று, எழுதிய தாள் ஒன்று. முதல் பதிவு எழுப்பிவிடும், இரண்டாவதின் தொடக்கம் தடவிக் கொடுக்கும். எனவேதான் பாட்டைச் சொல்லாமல் பதிவைச் சொல் என்கிறேன்.

பொறுக்குவதற்கு நான் வைத்திருக்கிற வழி சாதாரணமானது. எந்தப் பதிவையும் முதலில் விடுமுறை நாளில், முழித்திருக்கும்போது கடைசி வரை கேட்டுவிடுவேன். கைதட்டல் எங்கே வருகிறது, மிருதங்கம் எங்கே ஏறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தூக்கத்துக்கு முக்கால்வாசி ஆலாபனை போதும். தாளம் இல்லாததால் மனசு அடுத்த அடியை எண்ணிக்கொண்டு காத்திருக்காது. கச்சேரிப் பதிவு மட்டுமே கிடைத்தால் கடைசி அரை மணி நேரத்தை எடுங்கள். தனி ஆவர்த்தனம் முடிந்து, துக்கடா பாடுகிற நேரம் பாடகருக்கும் நெஞ்சு இளகியிருக்கும். பிடித்த பதிவு கிடைத்துவிட்டால் மாற்றாதீர்கள். இது ரொம்ப முக்கியம். ஒரே பதிவை நாள்தோறும் கேட்டால், இன்ன இடத்தில் இன்னது வரும் என்று காதுக்குத் தெரிந்துவிடும்; அது காவலுக்கு நிற்பதை விட்டுவிடும். தூக்கத்துக்கு இசை உதவுமா என்று 13 ஆய்வுகளை, 1,007 பேரின் கணக்கோடு சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2022-ல் வந்தது. தூக்கம் சரியில்லாதவர்கள் தினமும் கேட்டால் தூக்கத்தின் தரம் மேம்பட்டதாகச் சொல்கிறார்கள் என்பதே அதன் முடிவு. தினமும் என்கிற சொல்லைக் கவனியுங்கள்.

ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருக்கும் தம்பிகளுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மதுரைக்காரன், ஒடிசாக்காரன், பீகார்க்காரன் எல்லோரும் ஒரே பாயில் படுக்கிறீர்கள். ஒருவன் போனில் ஒரு மொழிப் பாட்டு, அடுத்தவன் போனில் இன்னொன்று. சொல் இருக்கிற பாட்டு சொல்லின் பின்னாலேயே மனசை இழுத்துப் போகும்; ஊர் ஞாபகம், வீட்டு ஞாபகம், தூக்கம் போச்சு. சொல் இல்லாத இசையைப் பொதுவாக வையுங்கள். 1967-ல் வந்த 'கால் ஆஃப் தி வேலி' என்ற பதிவில் சிவகுமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிடார் மூன்றும் சேர்ந்து, காஷ்மீர் ஆட்டிடையன் ஒருவனின் ஒருநாளை விடியலிலிருந்து இரவு வரை சொல்லும். அந்த சௌராசியா இளம் வயதில் கட்டாக் வானொலியில் வேலை பார்த்தவர் என்று ஒடிசாத் தம்பியிடம் சொல்லுங்கள். அவன் முகத்தைப் பாருங்கள். பீகார்த் தம்பிக்கு, ஷெனாய் பிஸ்மில்லா கான் அவன் மாநிலத்து டும்ராவ்னில் பிறந்தவர் என்று தெரிந்திருக்கும். இன்னும் ஆழமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் ஜியா மொஹியுத்தீன் டாகரின் ருத்ர வீணை ஆலாபைக் கேட்கலாம். அதைவிடக் கீழான, அதைவிட மெதுவான தந்தி ஒலியை நான் கேட்டதில்லை.

இளையராஜா சாரை விட்டு வர மாட்டோம் என்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 1988-ல் சௌராசியாவை வைத்து அவர் செய்த 'நத்திங் பட் விண்ட்' இருக்கிறது. 1986-ல் செய்த 'ஹவ் டு நேம் இட்' அதைவிடப் பெரிய வேலை என்பது என் எண்ணம். தியாகராஜரும் பாக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் அதைப் படுத்துக்கொண்டு கேட்க முடியாது, எழுந்து உட்கார்ந்துவிடுவீர்கள்.

கடைசியாகச் சத்தத்தின் அளவு. நைட் முடித்து வந்தவுடன் காது மந்தமாக இருக்கும். அப்போது போனில் வைக்கிற அளவு எப்போதும் கூடுதலாகவே இருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, நன்றாகத் தூங்கி எழுந்த காலையில் அளவை வையுங்கள். போனில் முழு அளவின் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, ஷிப்ட் முடித்த காலையிலும் அதைத் தாண்டாதீர்கள். முதலில் கேட்காத மாதிரி இருக்கும். பத்து நிமிஷம் பொறுங்கள், காது தேடிக்கொண்டு வரும். குளித்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் எதுவுமே கேட்காமல் இருந்துவிட்டுப் போட்டால் இன்னும் நல்லது. விளம்பரம் குறுக்கே வராமல் முன்பே இறக்கி வையுங்கள். தானாக நின்றுபோகிற மாதிரி நேரம் வைத்துவிட்டு, இயர்போனைக் கழற்றி, போனைத் தலைமாட்டில் தள்ளி வையுங்கள்.

கூடத்துக்குள் மெஷின் ஓடும்போது இயர்போன் மாட்டிப் பாட்டுக் கேட்கிற தம்பி தங்கச்சிகளே, அதை மட்டும் விட்டுவிடுங்கள், கண்ணுகளா. மெஷின் 88-ல் இருந்தால் அதை மூடுவதற்கு நீங்கள் 95 வைக்க வேண்டும். மெஷின் தின்னும் காதை நீங்களும் சேர்ந்து ஊட்டிவிடுகிறீர்கள். அந்த இடத்தில் காதில் வைக்க வேண்டியது காதடைப்பான். கம்பெனியில் கேட்டு வாங்குங்கள், அது சலுகை இல்லை. சத்தத்தால் காது கேட்காமல் போவது சட்டப்படி அறிவிக்க வேண்டிய தொழில்நோய்; ஈ.எஸ்.ஐ. தொழில்நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. காதில் இரைச்சல் லீவு நாளிலும் நிற்கவில்லை என்றால் ஈ.எஸ்.ஐ. கார்டோடு போய்க் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். நான் 20 வருஷம் தள்ளிப்போட்டுவிட்டுப் போனேன்.

கடைசி அறைத் தம்பிக்கு இப்போது ராமநாதனின் ஒரு பதிவையும், வீணையில் ஒன்றையும் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். மற்றவர்களும் வரலாம். எங்கள் லைன் வீட்டில் முதல் கதவு. பகல் 11 மணிக்கு மேல் வாங்க, அதுவரை பக்கத்து அறையில் ஆட்கள் தூங்குவார்கள்.

அன்புடன்,
பழைய நிட்டிங் ஃபிட்டர் ஒருவன்
பாளையக்காடு, திருப்பூர்